பினாங்கில் சகோதர சபைக்கு வரவேற்பு: மேடையிலா, வாசலிலா?

ஜெலுத்தோங் வாசி (திங்கள், இரவு 9.12)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபைக்கு அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு லுத்தரன் சபையார் வருகிறார்கள். ஒரு பஸ், கூடவே இரண்டு மூன்று கார், மொத்தம் 52 பேர். அன்றைய பிரசங்கம் அவர்களுடைய போதகர். இரண்டு சபைக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு பல வருஷமாக உண்டு. ஆனால் சபையாகச் சேர்ந்து ஆராதித்து ரொம்ப நாளாகிவிட்டது.

நிர்வாகக் குழுவில் இப்போது இருக்கும் திட்டம் இதுதான்: முதல் நான்கு வரிசை விருந்தினருக்கு ஒதுக்கீடு, போதகருக்கும் அவர்களுடைய செயலாளருக்கும் பீடத்துக்கு முன்னால் மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு மூன்று பேர் வரவேற்புரை. கணக்குப் பார்த்தால் பிரசங்கத்துக்கு முன்பே அரை மணி நேரம் போய்விடும்.

என் மனசு இதை ஒப்பவில்லை. ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவர்களில் இரண்டு பேருக்கு மாலை விழும், ஐம்பது பேர் கை தட்டுவார்கள். அந்த ஐம்பது பேரை யார் வரவேற்றது? பெரிய கூட்டத்தை வரவழைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் நான் பேசியாக வேண்டும்.

பழைய பாடகர் (திங்கள், இரவு 9.50)

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மாலை மரியாதையை ஒரேயடியாகத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஆட்களுக்கு வீட்டுக்கு வந்த பெரியவரை வெறுங்கையோடு உட்கார வைத்துப் பழக்கமில்லை. போதகர் ஒருவர் வந்து வசனம் கொடுத்துவிட்டுத் தோளில் ஒரு துண்டுகூட இல்லாமல் போனால், அவருடைய சபையார் மனசு நோகும். அவர் எதிர்பார்க்க மாட்டார், அது வேறு. அவரை நேசிக்கிற ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள்.

அதனால் நேரத்தைக் குறையுங்கள், மரியாதையைக் குறைக்க வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா (திங்கள், இரவு 10.21)

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பீடத்துக்கு முன்னால் மனுஷருக்கு மாலை போடுவது எனக்கும் உறுத்தும். அந்த இடத்தில் ஒருவருக்குத்தான் மகிமை என்று சொல்லிச் சொல்லி என் பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். சாப்பாட்டு மண்டபத்தில் போடுங்கள், யாருக்கும் வருத்தம் வராது.

நான் கேட்க வந்தது வேறு. இந்த 52 பேரும் சனிக்கிழமை ராத்திரி எங்கே தங்குகிறார்கள்? கோலாலம்பூர் பக்கமிருந்து கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். 9 மணி ஆராதனைக்கு அன்று காலை கிளம்பி வருவதென்றால் விடியற்காலை மூன்று மணிக்கு ஏற வேண்டும். வயசானவர்களும் கைக்குழந்தைகளும் தாங்க மாட்டார்கள்.

ஜெலுத்தோங் வாசி (திங்கள், இரவு 10.34)

சனிக்கிழமை மாலையே வந்துவிடுகிறார்கள் அக்கா. குழு ஹோட்டலில் அறை போடலாம் என்கிறது. வீடுகளில் தங்க வைக்கலாம் என்று நான் சொன்னேன். "நம் ஆட்களில் பாதிப் பேர் ஃபிளாட்டில் இருக்கிறார்கள், வந்தவர்களுக்கு வசதி பத்தாது, நமக்குத்தான் வெட்கம்" என்று பதில் வந்தது.

ஆயர் ஈத்தாம் அக்கா (திங்கள், இரவு 10.58)

என்ன வெட்கம்? நானே ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மெத்தையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் மகளும் ஹாலில் பாய் விரித்துக்கொள்வோம். காலையில் இடியாப்பமும் சொதியும் வைத்துக் கையோடு கோயிலுக்கு அழைத்து வருவேன். ஹோட்டலில் படுத்து எழுந்து வருகிறவர்களுக்கு நம் சபையில் யாரைத் தெரியும்? ஒரு ராத்திரி என் வீட்டில் இருந்தவர்கள் என் பிள்ளை எந்த வகுப்பு, என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் எந்த நாள் என்றுகூடத் தெரிந்துகொண்டு போவார்கள். பிறகு அவர்கள் ஜெபத்தில் என் பெயர் இருக்கும்.

எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரத்தின் ஆரம்பத்தைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள் தம்பி. அதில் வசதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது.

கிள்ளான் பக்கத்து லுத்தரன் (செவ்வாய், காலை 7.05)

வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று நினைக்கிறேன். பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஆனால் தேதியும் தலைக்கணக்கும் எங்களுடையதுதான்.

வீடுகளில் தங்குவதற்கு எங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம். ஒன்றிரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களோடுதான் தங்க வைக்க வேண்டும். பெற்றோர் வராத பிள்ளைகள் எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியைகளோடு ஒரே இடத்தில் இருக்கட்டும். அது யார் மேலும் சந்தேகத்தால் இல்லை, எங்கள் சபையில் எப்போதும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா வருகிறார், லிஃப்ட் நிற்கும் மாடியாக இருந்தால் நல்லது. நாலைந்து பேருக்குப் பிறர் வீட்டில் தூக்கம் வராது, அவர்கள் தாங்களாகவே அறை எடுத்துக்கொள்வார்கள். அதை நீங்கள் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் நான்கு வரிசை வேண்டவே வேண்டாம். ஐந்து மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வருகிறோம், கோயிலிலும் நாங்களே கூட்டமாக உட்கார்ந்தால் எதற்காக வந்தோம்? எந்த வீட்டில் தங்கினோமோ அந்தக் குடும்பத்தோடு உட்கார விடுங்கள்.

ஜெலுத்தோங் வாசி (செவ்வாய், காலை 7.40)

அக்கா, நீங்களே எழுதியது எங்களுக்குப் பெரிய உதவி. வரிசை ஒதுக்கீடு விஷயம் இதோடு முடிந்தது என்று குழுவில் சொல்லிவிடுவேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வைக்கலாமா? எங்களுக்கு வழக்கமாக முதல் ஞாயிறுதான். நீங்கள் வருவதால் மாற்றலாம் என்று எங்கள் போதகருக்கு விருப்பம். ஆனால் உங்கள் சபையார் எங்கள் பந்தியில் சேர்வார்களா என்று தெரியாமல் அறிவிக்கப் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை (செவ்வாய், காலை 10.15)

இதில் நான் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

மெதடிஸ்ட் பந்தியில் எந்த சபை அங்கத்தினர் என்று கேட்கும் வழக்கம் கிடையாது. கர்த்தரை நேசித்து, மனந்திரும்பி, அயலாரோடு சமாதானமாக வாழ விரும்புகிற யாரும் வரலாம். ஆகையால் நம் பக்கத்தில் தடை இல்லை. லுத்தரன் பக்கத்தில் அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் இரத்தமும் இருப்பதாக அழுத்தமாக விசுவாசிக்கிறார்கள். அதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு போதகர்களும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி முடிவெடுத்து, இரண்டு சபையிலும் முந்தின ஞாயிறே ஒரே வார்த்தைகளில் அறிவித்துவிட்டால், அன்றைக்கு எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்ற தவிப்பு யாருக்கும் வராது.

சின்ன விஷயம், ஆனால் சொல்லியாக வேண்டும்: அவர்களுக்குத் திராட்ச ரசம் என்றால் வைன். நமக்குப் புளிக்காத திராட்சைச் சாறு. 1869-இல் அமெரிக்காவில் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது திருவிருந்துக்காகவே செய்தது. அதிலிருந்து உலகமெங்கும் மெதடிஸ்ட் சபைகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களுக்கு இதை முன்பே சொன்னால் போதும். கிண்ணத்தை வாயில் வைத்த பிறகு முகம் பார்க்க வேண்டியதில்லை.

பாட்டு விஷயத்தில் நமக்குள் இருக்கும் உறவு நினைப்பதை விடப் பழையது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து தமிழ் லுத்தரன் சபையின் கதை தொடங்குகிறது. மலாயாவில் நம் மெதடிஸ்ட் ஊழியம் 1885-இல் சிங்கப்பூரில் ஓல்டம் தொடங்கியது. நடுவில் ஏறத்தாழ 180 வருஷ இடைவெளி. ஆனால் நாம் நம்முடையது என்று பாடும் கீர்த்தனைகளில் எத்தனையோ, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை. அவர் லுத்தரன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து படித்தவர். ஆகவே அன்றைக்குக் கீர்த்தனைகளையே அதிகம் பாடுங்கள். இரண்டு சபைக்கும் அது தாய்வீட்டுச் சொத்து.

பாடற்குழுத் தம்பி (செவ்வாய், மதியம் 1.02)

டீச்சர் சொன்னது அப்படியே ஓகே, ஆனா ஒரு பிரச்சினை. பாட்டு ஒண்ணா இருந்தாலும் ராகம் ஒண்ணா இருக்காது. போன தடவை வேற சபையோட சேர்ந்து பாடினப்ப, அனுபல்லவிக்குப் பிறகு நாங்க பல்லவிக்குத் திரும்பினோம், அவங்க சரணத்துக்குப் போயிட்டாங்க. ஆர்கன் வாசிச்ச அண்ணன் நடுவுல நின்னுட்டாரு.

பாட்டு எண் சொல்லி அனுப்பாதீங்க, அவங்க புத்தகத்துல எண் வேற. முதல் அடியை எழுதி அனுப்பணும். நாங்க பாடுற மெட்டை போன்ல பதிவு பண்ணி வாட்ஸ்அப்ல இப்பவே அனுப்பிடறோம். சனிக்கிழமை ராத்திரி ஒரு கூட்டுப் பயிற்சி வச்சா போதும். ரெண்டு பாட்டு அவங்க மெட்டுல நாங்க கத்துக்கிறோம், ரெண்டு பாட்டு எங்க மெட்டுல அவங்க. அவங்க பாடற்குழுவைத் தனியா ஒரு பாட்டு பாட வைக்கிறதோட நிறுத்தாம, எல்லாரையும் கலந்து ஒரே குழுவா நிக்க வைக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

அப்புறம் திரையில தமிழ் வரிகளுக்குக் கீழே ரோமன் எழுத்துலயும் போடுங்க. தேசியப் பள்ளில படிச்ச பிள்ளைங்க நிறைய பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாயை மூடிக்கிட்டு நிக்கிறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு.

கிள்ளான் பக்கத்து லுத்தரன் (செவ்வாய், மதியம் 1.30)

தம்பி, மெட்டு அனுப்புங்கள், எங்கள் ஆட்கள் இந்த வாரமே ஆரம்பித்துவிடுவார்கள். சுவிசேஷம் வாசிக்கும்போது நாங்கள் எழுந்து நிற்போம். உங்களுக்கு அந்த வழக்கம் இல்லையென்றால் "எழுந்து நிற்போம்" என்று ஒருவர் சொல்லிவிடட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன் (செவ்வாய், மாலை 6.18)

இழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நாங்கள் திருநெல்வேலியிலிருந்து ஒரு போதகரை அழைக்கிறோம். இந்தியர்களுக்கு இப்போது 30 நாள் விசா வேண்டாமே, அப்படியே வந்து பிரசங்கம் பண்ணலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை (செவ்வாய், மாலை 6.45)

வேண்டாம். அந்தச் சலுகை சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருகிறவர்களுக்கு. வெளிநாட்டுப் பிரசங்கியார் மேடை ஏற, அவரை அழைக்கும் சபையோ அதன் தலைமை (மாநாட்டு) அலுவலகமோ குடிநுழைவுத் துறையில் தொழில்முறை வருகை அனுமதிக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அவர் இங்கே இறங்கிய பிறகு ஓடக் கூடாது. உங்கள் தலைமை அலுவலகத்தில் இதைச் செய்து பழகியவர்கள் இருப்பார்கள், இன்றே கேளுங்கள்.

சமையல் பொறுப்பு (செவ்வாய், இரவு 8.55)

எல்லாரும் பாட்டு, பந்தி என்று பேசுகிறீர்கள். 150 பேருக்கு மத்தியானச் சாப்பாடு என் தலையில் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

கோழி பிரியாணி, தால்ச்சா, ஆச்சார், பாயசம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு கிலோ அரிசி எட்டு ஒன்பது பேருக்கு என்று வைத்து 17 கிலோ. மாட்டிறைச்சி நம் கோயில் விருந்தில் எப்போதும் வைப்பதில்லை. நம் குடும்பங்களில் பாதிக்கு இந்துச் சம்பந்தி வீடு உண்டு, அன்றைக்கு அவர்களும் வருவார்கள். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி.

ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று எனக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும். 11.30 என்றால் பத்து மணிக்குமேல் தம் போடுவேன். சமைத்த சாப்பாட்டை நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் அதற்குமேல் வைத்தால் கெட்டுப்போகும். மூன்று வரவேற்புரை வைத்து ஒரு மணிக்கு ஆளை விட்டீர்கள் என்றால், பசித்த குழந்தைகளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மீந்ததைக் கட்டிக் கொடுத்து வழியில் சாப்பிடச் சொல்லவும் மாட்டேன். பயணத்துக்குத் தனியாக ரொட்டியும் பழமும் கொடுத்தனுப்புவோம்.

பஸ் ஓட்டுநரை யாராவது நினைத்தீர்களா? பெரும்பாலும் மலாய்க்காரராக இருப்பார். நம் அடுப்பில் சமைத்ததை அவர் சாப்பிட முடியாது. அவர் கையில் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து, நாசி கண்டார் என்னும் முஸ்லிம் சோற்றுக் கடை எங்கே என்று காட்டி, அவர் படுத்துத் தூங்க ஓர் இடமும் பார்த்து வையுங்கள். மாலையில் பஸ்ஸில் வந்த அத்தனை உயிரையும் திரும்பக் கொண்டுபோகப் போகிறவர் அவர்தான்.

ஜெலுத்தோங் வாசி (செவ்வாய், இரவு 9.20)

ஓட்டுநர் விஷயத்தை நான் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் ஆன்டி. பஸ்ஸை முதல் பாலம் வழியாகவே வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டாவது பாலம் பத்து மாவுங்கில் கொண்டுபோய் இறக்கிவிடும், அங்கிருந்து ஜார்ஜ்டவுன் தூரம். கோயில் தெருவில் பெரிய பஸ் நிற்க முடியாது. வாசலில் இறக்கிவிட்டு வேறு இடத்தில் நிறுத்த மாநகர் மன்றத்திடம் கேட்கிறோம்.

பழைய பாடகர் (செவ்வாய், இரவு 10.05)

எல்லாம் சரி. காணிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவர்கள் கோயில் கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டேன். அன்றைய காணிக்கையை அப்படியே அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? பீடத்திலிருந்து அறிவித்தால் ஜனங்கள் தாராளமாகப் போடுவார்கள்.

கிள்ளான் பக்கத்து லுத்தரன் (புதன், காலை 6.50)

ஐயா, உங்கள் மனசுக்குக் கோடி நன்றி. கூரை ஒழுகுவது உண்மைதான். ஆனால் எங்களைக் கேட்காமல் அறிவித்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் அந்த வரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். உதவி கேட்டு வந்த கூட்டம் என்று அவர்கள் காதில் விழக் கூடாது. அவர்கள் உங்களோடு சேர்ந்து ஆராதிக்க வருகிறார்கள். கொடுக்க விரும்பினால் பிறகு உங்கள் பொருளாளர் எங்கள் பொருளாளரிடம் பேசட்டும்.

போதகருக்குக் கொடுக்கும் கவரும் அப்படியே. மேடையில் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எங்கள் போதகருக்கு எத்தனை நிமிஷம், என்ன வேதபாடம் என்று எழுதி அனுப்புவீர்கள். அதோடு உங்கள் சபை இப்போது எதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதையும் ஒருவர் பேசிச் சொல்லுங்கள். சமீபத்தில் யாராவது தவறினார்களா, ஆஸ்பத்திரியில் யார், வேலை போனவர்கள் யார். வெளியூர்ப் பிரசங்கியாருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் அவர் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா (புதன், காலை 8.12)

இது எங்களுக்கு ரொம்பத் தேவை. போன மாதம் 24 வயசுப் பையன் ஒருவனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்தோம். அவனுடைய அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்காருவார். பிள்ளைகளைக் கர்த்தர் காப்பார் என்று யோசிக்காமல் ஒரு வாக்கியம் வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். உங்கள் போதகரிடம் அவசியம் சொல்லுங்கள்மா. முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நம் போதகரோடு அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் ஜெபித்துவிட்டு வரட்டும்.

கிள்ளான் பக்கத்து லுத்தரன் (புதன், காலை 8.30)

சொல்கிறேன் அக்கா. அவர் கட்டாயம் போவார்.

பழைய பாடகர் (புதன், மாலை 5.40)

காணிக்கை விஷயத்தில் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மாலைக்கு நான் ஒரு வழி சொல்லட்டுமா? நம் கல்யாண வீடுகளில் வாசலில் ஒரு மேசை போட்டு பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு வைப்போமே. அதையே கோயில் வாசலில் வைப்போம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுப்போம். சக்கர நாற்காலித் தாத்தாவுக்கும் சரி, கைக்குழந்தைக்கும் சரி. போதகரும் அதே வரிசையில் வருவார். பொன்னாடையைச் சாப்பாட்டு மண்டபத்தில் போட்டுக்கொள்வோம். வாசலில் நிற்க என்னைப் போடுங்கள், என் மனைவியும் நிற்பாள்.

வாலிபர் சங்கம் (புதன், மாலை 6.02)

ஐயா சூப்பர்! ஆனால் சந்தனம் வைத்தால் சிலர் "இது கிறிஸ்தவ வழக்கமா" என்று கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (புதன், மாலை 6.25)

கேட்டால் அவர்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் பன்னீரும் சந்தனமும் தலைமுறைகளாக இருந்து வருகிறது. விருந்தினரைக் குளிரவைப்பதற்காக வைப்பது. விருப்பமில்லாதவர்கள் கற்கண்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜெலுத்தோங் வாசி (வெள்ளி, காலை 7.15)

நேற்றுக் கூட்டம் முடிய இரவு 11 மணி ஆனது. உங்கள் எல்லாருடைய வார்த்தையையும் அங்கே வைத்தேன்.

வாசலில் பன்னீர்ச் செம்பு. குழுவில் ஒருவர்கூட மறுக்கவில்லை, பாடகர் ஐயாவும் அவர் மனைவியும்தான் முன்னால் நிற்பார்கள். வரவேற்புரை ஒன்றே ஒன்று, மூன்று நிமிஷம், முதல் பாட்டு முடிந்ததும் எங்கள் போதகர் சொல்வார். மற்ற இரண்டு பேரும் சாப்பாட்டு மண்டபத்தில் பேச ஒப்புக்கொண்டார்கள். பழைய ஏற்பாட்டுப் பாடத்தை விருந்தினர் பக்கத்திலிருந்து ஒரு வாலிபப் பெண் வாசிக்கட்டும், பொது ஜெபத்தை அவர்களில் ஒரு மூப்பர் நடத்தட்டும். பாடற்குழு கலந்தே நிற்கும். திருவிருந்து உண்டு. இரண்டு போதகர்களும் நேற்றே தொலைபேசியில் பேசிவிட்டார்கள், ஒரே அறிவிப்பு இரண்டு இடத்திலும் போகும். எங்கள் போதகர் நடத்துவார், உங்கள் போதகர் கிண்ணம் பரிமாறுவார். 11.30-க்கு ஆசீர்வாதம், சமையல் பொறுப்பு ஆன்டியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வீடுகள் விஷயம்தான் இழுத்தது. கடைசியில் ஒருவர் எழுந்து, "என் வீட்டில் ஏர்கோன் கிடையாது, ஆனால் மூன்று பேர் வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு கை தூக்கியவர்களை எழுதிக்கொள்ளக் காகிதம் பத்தவில்லை. இப்போது 52 பேருக்கு 61 படுக்கை இருக்கிறது. பையனை இழந்த அந்த அம்மாவும் இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். அவருக்கு யாரை அனுப்புவது என்பதை உங்கள் பக்கத்திலிருந்து யோசித்துச் சொல்லுங்கள் அக்கா.

கிள்ளான் பக்கத்து லுத்தரன் (வெள்ளி, காலை 7.48)

என்னையும் என் அம்மாவையும் அங்கே அனுப்புங்கள். அம்மாவும் ஒரு மகனைப் பறிகொடுத்தவர்.

பாடற்குழுத் தம்பி (வெள்ளி, காலை 8.20)

மெட்டு நாலும் அனுப்பியாச்சு. சனிக்கிழமை பயிற்சி 7 மணிக்கா, 8 மணிக்கா?

ஜெலுத்தோங் வாசி (வெள்ளி, காலை 8.26)

8 மணி. போதகர்கள் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிடட்டும்.